தங்கத் துகள் 20 நானோமீட்டர்தான். சிலிக்கான் நானோ கம்பிகளின் விட்டம் ஏன் 15 முதல் 45 வரை பரவுகிறது?

இளவேனில் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். தங்கத் துகள்களை வினையூக்கியாக வைத்து, ஆவி–திரவம்–திண்மம் என்னும் முறையில் சிலிக்கான் நானோ கம்பிகளை வளர்க்கும் ஆய்வில் ஈடுபட்டிருக்கிறேன். கம்பியின் விட்டத்தைத் தீர்மானிப்பது வினையூக்கித் துகளின் விட்டமே என்பதுதான் இந்தத் துறைக்குள் நுழையும் எவரும் முதலில் படிக்கும் செய்தி. ஹார்வர்டில் சார்லஸ் லீபரின் குழுவினர் 2001இல் வெளியிட்ட முடிவுகளில், 5, 10, 20, 30 நானோமீட்டர் தங்கத் துகள்கள் முறையே 6, 12, 20, 31 நானோமீட்டர் சராசரி விட்டமுள்ள கம்பிகளைத் தந்திருக்கின்றன. அந்த எண்களை நம்பித்தான் நானும் 20 நானோமீட்டர் தங்கக் கூழ்மத்தைத் தேர்ந்தெடுத்தேன். எனக்குக் கிடைக்கும் கம்பிகளோ 15 நானோமீட்டரிலிருந்து 45 நானோமீட்டர் வரை பரவியிருக்கின்றன.

செய்முறை இதுதான். 111 முகம் (இவ்வெண்கள் படிகத்தின் தளங்களையும் திசைகளையும் குறிக்கும்) கொண்ட சிலிக்கான் வேஃபரை, அதாவது மெல்லிய சிலிக்கான் தகட்டை, நீர்த்த ஹைட்ரோபுளோரிக் அமிலத்தில் முக்கி எடுத்து, பாலி-எல்-லைசின் பூசி, அதன்மேல் சிட்ரேட்டால் நிலைப்படுத்தப்பட்ட தங்கக் கூழ்மத்தைச் சில நிமிடங்கள் வைத்திருந்து கழுவிவிடுகிறேன். பிறகு குழாய் உலையில் ஆர்கான் ஓட்டத்தில் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, வெப்பநிலை நிலைப்பட்ட பிறகு, ஆர்கானில் கலந்த சிலேன் வாயுவை (சிலிக்கானும் ஹைட்ரஜனும் சேர்ந்த சேர்மம்) திறந்துவிடுகிறேன். கம்பிகள் வளர்வதில் குறையில்லை. வேஃபர் முழுவதும் பழுப்பு நிறமாக மாறிவிடுகிறது. ஆனால் வருடு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் பல கம்பிகள் அடியில் பருத்தும் நுனியில் மெலிந்தும் கூம்பாக நிற்கின்றன. சில கம்பிகள் பாதி உயரத்தில் மடங்கி வேறு திசையில் திரும்புகின்றன. செங்குத்தாக நிற்பவை குறைவு. சாய்ந்து வளர்பவையே மிகுதி.

துகளின் அளவு உண்மையிலேயே கம்பியின் அளவைத் தீர்மானிக்கிறதா, அல்லது அது தேர்ந்த நிலைமைகளில் மட்டும் பொருந்தும் விதியா என்பது என் முதல் ஐயம். இந்தக் கூம்பு வடிவம் துளியிலிருந்து தங்கம் கசிவதால் வருகிறதா, பக்கச்சுவரில் சிலிக்கான் படிவதால் வருகிறதா என்று எப்படிப் பிரித்தறிவது என்பது இரண்டாவது. கடைசியாக, தங்கம் சிலிக்கானுக்குள் தங்கிவிட்டால் மின்னணுப் பயன்பாட்டுக்கு அந்தக் கம்பி உதவாது என்று எங்கள் துறையிலேயே ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். அது எந்த அளவுக்குச் சரி? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

குழாய்உலை எழுதியது:

இளவேனில், நீங்கள் கொடுத்திருக்கும் எண்களைக் கொண்டே உங்கள் முதல் கேள்விக்குப் பெருமளவு பதில் சொல்லிவிட முடியும். ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்த முறையை 1964இல் பெல் ஆய்வகத்தில் வாக்னரும் எல்லிஸும் முன்வைத்தபோது அவர்கள் பயன்படுத்தியது சிலிக்கான் டெட்ராகுளோரைடும் ஹைட்ரஜனும். வெப்பநிலை 950 டிகிரி. தங்கம் தனியாக 1064 டிகிரியிலும் சிலிக்கான் தனியாக 1414 டிகிரியிலும் உருகும். இரண்டும் சேர்ந்து, நூற்றுக்குச் சுமார் 19 அணுக்கள் சிலிக்கானாக இருக்கும் கலவையானால், 363 டிகிரியிலேயே உருகிவிடும். இந்த யூடெக்டிக் புள்ளி இருப்பதால்தான் 500 டிகிரியில் உங்கள் தங்கத் துகள் சிலேனிலிருந்து சிலிக்கானை வாங்கித் திரவத் துளியாகிறது. துளி மீதெவிட்டிய நிலையை அடைந்ததும், கூடுதலான சிலிக்கான் துளிக்கும் படிகத்துக்கும் இடையிலுள்ள தளத்தில் அடுக்கடுக்காகப் படிகிறது. துளி மேலே எழும்பிக்கொண்டே போக, அதன் கீழே கம்பி நீள்கிறது.

இந்த மாற்றத்தில் மாறாமல் நிற்பது துளியின் விட்டமன்று, துளியிலுள்ள தங்க அணுக்களின் எண்ணிக்கை. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தெளிவாகும். 20 நானோமீட்டர் தங்க உருண்டையின் பருமன் ஏறத்தாழ 4,190 கன நானோமீட்டர். அது யூடெக்டிக் அளவுக்குச் சிலிக்கானை வாங்கிக்கொள்ளும்போது பருமன் ஏறக்குறைய கால் பங்கு கூடி 5,170ஐ ஒட்டி நிற்கும். இந்தத் துளி கம்பியின் உச்சியில் சரியான அரைக்கோளமாக அமர்ந்தால், அதாவது துளியின் பரப்பு கம்பியின் உச்சியைத் தொடும் கோணமான தொடுகோணம் 90 டிகிரியானால், கம்பியின் விட்டம் 27 நானோமீட்டர் ஆக வேண்டும். தொடுகோணம் 110 ஆனால் விட்டம் 22. 120 ஆனால் 20க்குச் சற்றுக் குறைவு. துகளின் விட்டமும் கம்பியின் விட்டமும் ஒன்றாக இருப்பது தொடுகோணம் 120ஐ நெருங்கும்போது நேர்கிற ஒரு பொருத்தம் என்பது இதிலிருந்து புலப்படும். தொடுகோணமோ பரப்பு இழுவிசைகளைப் பொறுத்தது. பரப்பு இழுவிசைகள் வெப்பநிலையையும், சிலேனின் பகுதி அழுத்தத்தையும், பக்கச்சுவரில் என்ன அணுக்கள் ஒட்டியிருக்கின்றன என்பதையும் பொறுத்தவை. ஆகவே விதி உண்மைதான். ஆனால் அது துளியின் வடிவம் வழியாகச் செயல்படும் விதி.

இப்போது உங்கள் எண்களுக்கு வருவோம். ஒரு துகளிலிருந்து ஒரு துளி என்ற கணக்கில் 20 முதல் 27 நானோமீட்டர் வரையிலான கம்பிகளில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அதற்கு மேல் போகும் கம்பிகளுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: சிலேன் திறக்கும் முன்பே துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கலாம், அல்லது நீங்கள் அடிப்பகுதியில் அளந்திருக்கலாம். இரண்டு துளிகள் சேர்ந்தால் பருமன் இரட்டிக்கும். விட்டம் அதன் கனமூலப்படி 1.26 மடங்காகும். 20 என்பது 25 ஆகும். மூன்று சேர்ந்தால் 29. எட்டுத் துளிகள் சேர்ந்தால்தான் 40. நீங்கள் சொல்லும் 45க்குப் பதினொரு துளிகளுக்கு மேல் ஓரிடத்தில் கூட வேண்டும். கூழ்மம் மிக அடர்த்தியாகத் திரண்டிருந்தாலொழிய அது நடக்காது. ஆகவே கம்பிகளின் விட்டத்தை நுனியில், துளிக்குச் சற்றுக் கீழே, ஒரே முறையில் அளந்து, ஒரு நானோமீட்டர் அகலமுள்ள பட்டைகளாகப் பிரித்து வரைந்து பாருங்கள். 20, 25, 29 ஆகிய இடங்களில் தனித்தனி முகடுகள் தெரிந்தால் துளிகள் சேர்கின்றன என்று உறுதியாகச் சொல்லலாம். முகடுகளே இல்லாமல் தொடர்ச்சியாகப் பரவியிருந்தால் காரணம் வேறு. மறுபக்கம், நுனியிலேயே 15 என்றால் அந்தத் துளி தன் தங்கத்தில் பாதிக்கு மேல் இழந்திருக்கிறது, 0.75இன் கனம் 0.42தான்.

சேர்க்கையைக் குறைப்பதற்கு, கூழ்மத்தை நீர்க்கச் செய்து துகள்களுக்கிடையே இடைவெளி கூட்டுவதே முதல் வழி. அதைவிட முக்கியமானது பாலி-எல்-லைசின் பற்றியது. நேர்மின் சுமையுள்ள அந்தப் படலம் எதிர்மின் சுமையுள்ள சிட்ரேட் துகள்களைப் பிடித்துவைக்கும் என்பது சரியே. ஆனால் நீர்க்கரைசலில் வைத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களிலும், பிறகு காற்றில் இருக்கும் நேரத்திலும், துகளுக்கும் படிகத்துக்கும் இடையே கரிமப் பொருளும் மெல்லிய ஆக்சைடும் அமர்ந்துவிடுகின்றன. துளி உருகிப் படிகத்தைத் தொட வேண்டிய இடத்தில் இந்தத் திரை இருந்தால், கம்பி அடித்தளத்தின் படிக ஒழுங்கைத் தொடராமல் தன் விருப்பப்படி கிளம்பும். உங்கள் சாய்ந்த கம்பிகளில் ஒரு பகுதி இப்படி வந்தவையாக இருக்கலாம். பாலி-எல்-லைசினை விட்டுவிட்டு, கூழ்மத்திலேயே சிறிதளவு ஹைட்ரோபுளோரிக் அமிலத்தைக் கலந்து, ஹைட்ரஜன் மூடிய சிலிக்கான் முகத்தில் நேராகப் படியச் செய்வது நல்ல மாற்று. அமிலம் சேர்ந்ததும் கூழ்மத்தின் நிலைப்புத்தன்மை குறைந்து துகள்கள் மெல்லத் திரளத் தொடங்கும் என்பதால், கலந்தவுடனே பயன்படுத்திவிட வேண்டும்; கலவையைச் சேமித்து வைக்கக் கூடாது. கண்ணாடிக் கலத்தையும் அருகில் கொண்டுவர வேண்டாம்.

சாய்ந்த கம்பிகள் எல்லாமே தவறானவை என்றும் எண்ணிவிட வேண்டாம். 111 முகத்தில் செங்குத்தான திசையைத் தவிர, அதே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று திசைகள் செங்குத்திலிருந்து 70.5 டிகிரி சாய்வில் இருக்கின்றன. மேலிருந்து பார்த்தால் அவை 120 டிகிரி இடைவெளியில் மூன்று கைகளாகத் தெரியும். உங்கள் படத்தில் சாய்ந்த கம்பிகள் இந்த மூன்று திசைகளில் மட்டும் ஒழுங்காக அமைந்திருந்தால் அவை படிக ஒழுங்கைத் தொடர்ந்தே வளர்ந்திருக்கின்றன. கண்டபடி எல்லாத் திசையிலும் கிடந்தால் அடித்தளத் தூய்மையில்தான் சிக்கல்.

செந்தூரம் எழுதியது:

குழாய்உலை அவர்களின் கணக்கோடு முழுமையாக உடன்படுகிறேன். கூம்பு வடிவத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஏனெனில் துல்லியம் பெரும்பாலும் அங்கேதான் கைநழுவுகிறது.

பக்கச்சுவரில் சிலிக்கான் படிவதும், துளியிலிருந்து தங்கம் வெளியேறுவதும் கூம்பு வடிவத்தையே தரும். ஆனால் அவை விட்டுச்செல்லும் தடயங்கள் வேறு. பக்கப்படிவு மட்டும் நடந்தால் துளி மாறாது. நுனியின் விட்டம் எவ்வளவு நேரம் வளர்த்தாலும் அப்படியே இருக்கும், அடிப்பகுதிதான் நேரத்துக்கேற்பப் பருத்துக்கொண்டே போகும். தங்கம் வெளியேறினால் நுனியின் விட்டம் நேரம் செல்லச் செல்லக் குறையும். எனவே மற்ற எல்லாவற்றையும் மாற்றாமல் வளர்ச்சி நேரத்தை மட்டும் மாற்றி இரண்டு மாதிரிகளை எடுத்து, நுனியையும் அடியையும் தனித்தனியே அளந்து ஒப்பிடுவது போதும். ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி கிடைத்தால் பக்கச்சுவரையும் பாருங்கள். கனமான அணுக்கள் வெளிச்சமாகத் தெரியும் இருள்புலப் படத்தில், கம்பியின் உடலெங்கும் சிறு வெண்புள்ளிகள் சிதறியிருந்தால் அவை தங்கத் திரள்கள்.

தங்கம் இப்படிச் சுவர் வழியாக நகர்கிறது என்பதை ஐபிஎம் நிறுவனத்தில் ஹானன், கோடம்பாக்கா, பிரான்சஸ் ராஸ், டிராம்ப் ஆகியோர் 2006இல் தெளிவாகக் காட்டினார்கள். மிக உயர் வெற்றிடத்தில், தூய்மையான சூழலில், சிறிய துளிகளிலிருந்து தங்கம் சுவர் வழியே இறங்கிப் பெரிய துளிகளைச் சென்றடைகிறது. சிறியவை மேலும் சிறுத்து மறைகின்றன, பெரியவை பருக்கின்றன. ஒரு துளியின் அளவு அதன் அண்டைத் துளிகளையும் பொறுத்தது என்பது எனக்கு இன்றும் இந்தத் துறையின் மிக முக்கியமான பாடமாகத் தோன்றுகிறது. துகளின் அளவைத் தொடக்கத்தில் எவ்வளவு கவனமாகத் தேர்ந்தாலும், வளர்ச்சி நடக்கும் நேரம் முழுவதும் அதைக் காப்பாற்றும் வேலை சுவரின் வேதியியலுக்கு உரியது. அதே குழுவினர் மிகச் சிறிதளவு ஆக்சிஜனைச் செலுத்தியபோது தங்கத்தின் நகர்வு தடைப்பட்டு, கூம்பாகாத நீண்ட கம்பிகள் கிடைத்தன என்பதும் இதே கருத்தை உறுதிப்படுத்துகிறது.

உங்கள் நிலைமையில், குழாய் உலையில் 500 டிகிரியில், பக்கப்படிவே முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன். சிலேன் அந்த வெப்பநிலையில் வினையூக்கி இல்லாமலே சூடான பரப்புகளில் சிதையத் தொடங்குகிறது. உலைச் சுவர் முழுவதும் சூடாக இருப்பதால், வேஃபரை அடையும் முன்பே வாயுவில் சிதைவுப் பொருள்கள் உண்டாகின்றன. அவை பக்கச்சுவரில் எளிதில் ஒட்டிக்கொள்ளும். முதலில் வெப்பநிலையை 440 அல்லது 450 டிகிரிக்குக் குறையுங்கள். துளியின் மேல் நடக்கும் சிதைவு அதிகம் குறையாது. சுவரின் மேல் நடக்கும் சிதைவு பெருமளவு குறையும். இரண்டாவதாக, ஆர்கானுக்குப் பதில் ஹைட்ரஜனைச் சுமக்கும் வாயுவாகப் பயன்படுத்துங்கள். ஹைட்ரஜன் சுவரிலுள்ள சிலிக்கான் அணுக்களின் தொங்கும் பிணைப்புகளை மூடிவிடுவதால் சிலேன் ஒட்டுவதற்கு இடம் குறைகிறது. உருக்குத் தாங்கிகளும் வால்வுகளும் அரிப்பைத் தாங்கக்கூடியவையாக இருந்தால் சிறிதளவு ஹைட்ரஜன் குளோரைடு வாயு சேர்ப்பது இன்னும் வலிமையான வழி: குளோரின் சுவரை மூடிப் படிவையும் தங்க நகர்வையும் சேர்த்தே தடுக்கிறது, அதனால் வெப்பநிலையை உயர்த்தினாலும் கம்பி நேராக நிற்கிறது. ஆனால் வாயுக் குழாய்களில் ஈரம் இருந்தால் அந்த வாயு உருக்கை அரித்து, உலோகத் தூசியை உங்கள் வேஃபருக்கே கொண்டுவந்து சேர்க்கும். அதற்கான ஏற்பாடு இல்லாத ஆய்வகத்தில் இதைத் தொட வேண்டாம்.

சுவரை மூடும் மூலக்கூறுகளை வேண்டுமென்றே தேர்ந்து பயன்படுத்துவதில் ஜார்ஜியா டெக்கில் மைக்கேல் ஃபில்லரின் குழு செய்த வேலையைப் படித்துப் பாருங்கள். ஜெர்மானியம் கம்பிகளில், மெத்தில் தொகுதி கொண்ட ஒரு ஜெர்மேனை (ஜெர்மானியமும் ஹைட்ரஜனும் சேர்ந்த வாயு) சேர்த்து, மெத்தில் தொகுதிகளால் சுவரை மூடிப் பக்கப்படிவை நிறுத்தினார்கள். சிலிக்கானில், சுவரிலுள்ள ஹைட்ரஜனின் அளவை மாற்றி, கம்பி 111 திசையிலிருந்து 112 திசைக்குத் திரும்புவதை வேண்டியபோது நிகழச் செய்தார்கள். உங்கள் கம்பிகள் பாதியில் மடங்குவதற்கும் இதற்கும் தொடர்புண்டு. வாயு ஓட்டம் அல்லது வெப்பநிலை நடுவில் அசைந்தால் சுவரின் ஹைட்ரஜன் அளவும் துளியின் அமர்வும் மாறும், கம்பி திரும்பிவிடும். சிலேன் வால்வைத் திறக்கும் கணத்தில் அழுத்தம் எகிறுகிறதா என்று அழுத்தமானியின் பதிவை ஒருமுறை பாருங்கள்.

மாசூட்டல், அதாவது மின்கடத்தலை மாற்றச் சிறிதளவு வேற்றணுக்களைச் சேர்த்தல், செய்யும் எண்ணம் இருந்தால் ஒன்றை இப்போதே சொல்லிவைக்கிறேன். போரானுக்காக டைபோரேன் சேர்த்தால் பக்கப்படிவு வேகமெடுக்கும். கம்பியைச் சுற்றிப் படிக ஒழுங்கற்ற உறையே உருவாகிவிடும். டிரைமெத்தில்போரான் அந்த வகையில் அடக்கமானது.

இளவேனில் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடி பழைய படங்களை எடுத்து நுனியில் மட்டும் மீண்டும் அளந்தேன். 45, 40 என்ற எண்கள் எல்லாம் அடிப்பகுதியில் அளந்தவை. நுனியில் 18 முதல் 30 வரைதான் இருக்கிறது. 25ஐ ஒட்டி ஒரு தெளிவான முகடும் தெரிகிறது. ஆகவே துளிகள் இணைவதும் பக்கப்படிவும் சேர்ந்தே நடக்கின்றன என்று புரிந்துகொள்கிறேன். வெப்பநிலையைக் குறைத்து, ஹைட்ரஜனுக்கு மாறி, மீண்டும் வளர்த்துப் பார்க்கிறேன்.

தங்கத்தைப் பற்றிய மூன்றாவது கேள்வி இன்னும் நிற்கிறது. அலுமினியம், வெள்ளீயம் போன்றவற்றை வினையூக்கியாகப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கலே இராது என்று சிலர் சொல்கிறார்கள். 20 நானோமீட்டர் அளவில் செங்குத்தான கம்பிகள் குறைவாகக் கிடைப்பது அடித்தளத் தூய்மையால் மட்டுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

படிகமுகம் எழுதியது:

இரண்டாவது ஐயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தூய்மை மட்டும் காரணமன்று. சிலிக்கான் கம்பிகள் தடிமனாக இருக்கும்போது 111 திசையை விரும்புகின்றன. மெலியும்போது 110 திசைக்கு மாறுகின்றன. துளிக்கும் படிகத்துக்கும் இடையிலுள்ள தளத்தின் ஆற்றலும், கம்பியின் விளிம்பிலுள்ள பரப்பின் ஆற்றலும் ஒன்றோடொன்று போட்டியிடுவதால் இந்த மாற்றம் வருகிறது. அது நிகழும் விட்டம் 20 நானோமீட்டரை ஒட்டியே இருப்பதாக 2005இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தினர் காட்டியிருக்கிறார்கள். நீங்கள் தேர்ந்த அளவு அந்த எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது. ஆகவே முதலில் 50 நானோமீட்டர் துகள்களைக் கொண்டு செங்குத்தான, நேரான, கூம்பாகாத கம்பிகளைப் பெறும் நிலைமைகளைக் கண்டறியுங்கள். பிறகு அளவைப் படிப்படியாகக் குறைத்து 20க்கு வாருங்கள். அப்போது எந்தக் கோளாறு உங்கள் செய்முறையைச் சேர்ந்தது, எது இயற்கையின் விதியைச் சேர்ந்தது என்பது தனித்தனியே தெரியும். மெல்லிய கம்பிகள் தடித்தவற்றைவிட மெதுவாக வளர்வதையும் காண்பீர்கள். வளைந்த பரப்பால் துளிக்குள் சிலிக்கானின் வேதி ஆற்றல் உயர்ந்து, வளர்ச்சிக்கான உந்துதல் குறைவதே காரணம். மாஸ்கோவில் கிவார்கிசோவ் 1975இலேயே இதை அளந்து காட்டிவிட்டார். ஒரே மாதிரியில் கம்பிகளின் உயரம் சீராக இருக்க வேண்டுமானால் விட்டம் சீராக இருந்தே ஆக வேண்டும்.

தங்கத்தைப் பற்றி உங்கள் துறை நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் அது முழு உண்மையன்று. சிலிக்கானின் ஆற்றல் இடைவெளியின் நடுப்பகுதிக்கு அருகில் தங்கம் ஆழ்மட்டங்களை உண்டாக்குகிறது. மின்னூட்டிகளான எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் இல்லாத வெற்றிடம்) அங்கே எளிதில் சந்தித்து மறைந்துவிடுகின்றன. கம்பியின் உடலுக்குள்ளேயே தனித்தனித் தங்க அணுக்கள் இருப்பதை 2008இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்த்துவிட்டார்கள். மின்னணுச் சில்லுகள் செய்யும் ஆலைகளில் தங்கத்தை வாசலுக்குள்ளேயே விடுவதில்லை. ஒரு வேஃபரில் வந்த தங்கம் உலையில் தங்கி, பின்னால் வரும் ஆயிரம் வேஃபர்களைக் கெடுக்கும் என்பதால் அந்த அச்சம் நியாயமானது. ஆனால் 20 நானோமீட்டர் கம்பியில் பரப்பு மிக அருகில் இருக்கிறது. பெரும்பாலான கம்பிகளில் மின்னூட்டிகள் உள்ளேயுள்ள தங்கத்தைச் சந்திப்பதற்கு முன்பே பரப்பைச் சந்தித்து மறைகின்றன. ஆகவே ஆய்வகத்தில் ஒரு டிரான்சிஸ்டரையோ உணரியையோ செய்து பார்ப்பதற்குத் தங்கம் தடையன்று. பரப்பை நல்ல ஆக்சைடால் மூடுவதில்தான் முதல் கவனம் வேண்டும். வளர்ச்சி முடிந்த பின் உச்சியிலுள்ள தங்கத்தை நீக்க, அயோடினும் பொட்டாசியம் அயோடைடும் கலந்த கரைசல் போதும். அதற்கு முன் ஹைட்ரோபுளோரிக் அமிலத்தில் ஒருமுறை முக்க வேண்டும். ஏனெனில் குளிரும்போது துளியிலிருந்து பிரியும் சிலிக்கான் காற்றில் ஆக்சைடாகித் தங்கத்தின் மேல் மூடியாக நிற்கும், கரைசல் உள்ளே புகாது.

அலுமினியத்தை முயன்று பார்க்காதவர்களே அதை எளிய மாற்று என்கிறார்கள். ஹாலே நிறுவனத்தினர் 2006இல் அலுமினியத்தைக் கொண்டு 430 முதல் 490 டிகிரியில் நேர்த்தியான கம்பிகளை வளர்த்தது உண்மை. அலுமினியம்–சிலிக்கான் யூடெக்டிக் புள்ளி 577 டிகிரி. அதாவது வினையூக்கி திண்மமாகவே இருந்து வேலை செய்திருக்கிறது. ஆனால் காற்று சற்றுப் பட்டாலும் அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படிந்து அது செயலிழந்துவிடும். பூசுவதும் வளர்ப்பதும் ஒரே வெற்றிடத்துக்குள் நடக்க வேண்டும். உங்கள் குழாய் உலையில் அது இயலாது. மேலும், அலுமினியம் சிலிக்கானுக்குள் சமநிலைக் கரைதிறனைப் பன்மடங்கு மீறிப் புகுந்துவிடுகிறது என்பதை 2013இல் அணு ஆய்வு முனையால் ஒவ்வோர் அணுவாக எண்ணிக் காட்டினார்கள். அது சிலிக்கானில் ஏற்பியாக, அதாவது எலக்ட்ரானை ஏற்றுத் துளையை உண்டாக்கும் அணுவாக, செயல்படும். வேண்டியபோது அது நன்மை. வேண்டாதபோது தங்கத்தைவிடப் பெரிய தொல்லை.

வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும் என்பது கவர்ச்சியானதுதான். ஆனால் அதன் பரப்பு இழுவிசை தங்கத்தினதைவிட மிகவும் குறைவு. கம்பியின் உச்சியில் துளி நிலைத்து நிற்க வேண்டுமானால் திரவத்தின் பரப்பு இழுவிசை ஓரளவுக்கு மேல் இருந்தாக வேண்டும். அது குறைந்தால், தாமரை இலையில் உருண்டு நின்ற நீர் வாழையிலையில் பரவுவதுபோல, துளி உச்சியில் நில்லாமல் சுவரை நனைத்துக் கீழே வழியத் தொடங்கும். வெள்ளீயத்தையும் இண்டியத்தையும் பயன்படுத்துவோர் பிளாஸ்மாவின் துணையோடு, வளர்ச்சி நிலைமைகளை மிகக் குறுகிய வரம்புக்குள் வைத்தே வெற்றி பெறுகிறார்கள். தங்கம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் துறையில் நீடிப்பதற்குப் பழக்கம் காரணமன்று: அது ஆக்சைடாவதில்லை, ஆவியாகி ஓடுவதில்லை, சிலிக்கானோடு இடைச்சேர்மம் எதையும் உண்டாக்குவதில்லை, உச்சியில் நன்றாக நிற்கிறது. இவை அனைத்தும் ஓர் உலோகத்தில் சேர்ந்து அமைவது அரிது.

தங்கத்தின் உண்மையான குறை வேறொன்றில் இருக்கிறது. கம்பியின் நீளவாக்கில் சிலிக்கானிலிருந்து ஜெர்மானியத்துக்குக் கூர்மையாக மாற வேண்டுமானால், வாயுவை மாற்றிய பிறகும் துளிக்குள் எஞ்சியிருக்கும் சிலிக்கான் தீரும்வரை இரண்டும் கலந்தே படியும். மாற்றம் நடந்து முடியும் நீளம் ஏறக்குறைய கம்பியின் விட்டத்தளவு நீண்டுவிடுகிறது. ஐபிஎம் நிறுவனத்தினரும் பர்டூ பல்கலைக்கழகத்தினரும் 2009இல் தங்கமும் அலுமினியமும் கலந்த வினையூக்கியைத் திண்ம நிலையில் பயன்படுத்தி இதைக் கடந்தார்கள். திண்மத்தில் சிலிக்கான் மிகக் குறைவாகவே கரைவதால் மிச்சம் எதுவும் இருப்பதில்லை. ஆனால் வளர்ச்சி மிக மெதுவாக நடக்கும். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் சாமுவேல்சன் குழுவினர் 2002இலேயே இண்டியம் ஆர்சனைடு–இண்டியம் பாஸ்பைடு கம்பிகளில் மிகக் கூர்மையான சந்திகளைப் பெற்றுவிட்டதற்கும் இதே காரணம்தான்: ஆர்சனிக்கும் பாஸ்பரசும் தங்கத் துளியில் ஏறக்குறையக் கரைவதே இல்லை. மாசூட்டலில் இந்தக் கூர்மையைத் தங்கத்தைக் கொண்டே அடைய முடியும் என்பதை வட கரோலினாவில் ஜேம்ஸ் கஹூன் குழு 2013இல் காட்டியது. பாஸ்பரசை இடையிடையே மட்டும் சேர்த்துச் சிலிக்கான் கம்பியை வளர்த்து, பிறகு பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இட்டபோது, பாஸ்பரஸ் செறிந்த பகுதிகள் நிற்க, மற்றவை மட்டும் அரிக்கப்பட்டு, கம்பியின் உடலில் பத்து நானோமீட்டர் அளவிலான கழுத்துகளும் இடைவெளிகளும் உருவாயின. ஒளி அச்சு எதுவும் இல்லாமல், வாயு வால்வைத் திறந்து மூடும் நேரத்தால் மட்டும் எழுதப்பட்ட வடிவங்கள் அவை. அவர்கள் வளர்ச்சியின்போது ஹைட்ரஜன் குளோரைடு சேர்த்துப் பக்கப்படிவை அடக்கினார்கள் என்பதையும் கவனியுங்கள்; செந்தூரம் சொன்ன அதே வழி.

பாதுகாப்பைப் பற்றி ஒரு சொல். சிலேன் காற்றில் பட்டாலே தானாகத் தீப்பிடிக்கும். சில நேரங்களில் உடனே பற்றாமல் தேங்கி நின்று, பிறகு வெடிக்கும். சுமக்கும் வாயுவை ஹைட்ரஜனுக்கு மாற்றும் முன், குழாய் முழுவதும் கசிவுச் சோதனை செய்து, இரண்டு வாயுக்களுக்கும் தனித்தனி உணரிகள் வேலை செய்கின்றனவா என்பதையும், வெளியேற்றும் குழாயின் முடிவில் எரிப்பான் இருக்கிறதா என்பதையும் பொறுப்பாளருடன் சேர்ந்து பார்த்த பிறகே வால்வைத் திறங்கள்.

குழாய்உலை எழுதியது:

படிகமுகம் சொன்னதோடு அளவீட்டைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். 18க்கும் 20க்கும் உள்ள வேறுபாட்டை வருடு நுண்ணோக்கியில் நம்பக் கூடாது. விளிம்பின் ஒளிர்வே ஓரிரு நானோமீட்டரை விழுங்கிவிடும். கம்பிகளை ஐசோபுரோப்பனாலில் சிறிது நேரம் அதிரவைத்துப் பிரித்து, கார்பன் படலமுள்ள செப்பு வலையில் ஒரு சொட்டு விட்டு, ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பாருங்கள். அங்கே படிக உடலையும் அதைச் சுற்றியுள்ள ஓரிரு நானோமீட்டர் ஆக்சைடு உறையையும் தனித்தனியே அளக்க முடியும். விட்டம் என்று நீங்கள் எழுதும் எண் இவற்றில் எது என்பதை ஒவ்வொரு வரைபடத்திலும் குறிப்பிடுங்கள். துளி எந்தக் கோணத்தில் அமர்ந்திருக்கிறது என்பதையும் அதே படத்திலிருந்து அளந்துகொள்ளுங்கள். குளிர்ந்த துளி வளர்ச்சியின்போது இருந்த துளியை அப்படியே காட்டாது. ஆயினும் ஒரே விதமாகக் குளிர்விக்கப்பட்ட மாதிரிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு அது போதும்.

இளவேனில் எழுதியது:

மிக்க நன்றி. 50 நானோமீட்டர் துகள்களோடு, 450 டிகிரியில், ஹைட்ரஜனில் தொடங்குகிறேன். கசிவுச் சோதனைக்கும் உணரிகளுக்கும் பொறுப்பாளரிடம் நேரம் கேட்டிருக்கிறேன். நுனி, அடி இரண்டின் வரைபடங்களையும் இதே இழையில் பதிவிடுகிறேன்.